தேதி தாண்டிய கிரீம் லிக்யூர்: குடிக்கலாமா, கொட்டலாமா?

விஸ்கி, ரம், ஜின் என்று எந்தப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாலும் காலாவதித் தேதி தென்படாது. அதே அலமாரியில் நிற்கும் கிரீம் லிக்யூரில் மட்டும் லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். விசேஷத்துக்கு வாங்கி, நாலு பேர் ஒரு வாய் சுவைத்து, பிறகு மறந்தே போகிற பானம் இது. வருடத்தில் இரண்டு முறை வெளியே வந்தால் அதிகம். அதனால்தான் தேதி தாண்டிய பாட்டில் ஒன்று வீட்டில் இருந்தால் அது பெரும்பாலும் இதுவாக இருக்கிறது. உள்ளே பால் இருக்கிறது. தேதி போன பாலை யாரும் குடிக்க மாட்டார்கள். கூடவே சாராயமும் இருக்கிறது. சாராயம் கெட்டுப்போய்க் கேள்விப்பட்டதில்லை. இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில்தான் பலர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கன அளவில் 15 முதல் 17 சதவீதம் ஆல்கஹால் உள்ள, தொழிற்சாலையில் தயாரான கிரீம் லிக்யூர் தேதி தாண்டிய மறுநாள் விஷமாகிவிடாது. முதலில் போவது ருசி, அடுத்தது பதம். அவை எவ்வளவு சீக்கிரம் போகும் என்பதைத் தேதியைவிட அதிகமாகத் தீர்மானிப்பது பாட்டில் நின்ற இடத்தின் வெப்பம். வீட்டில் கலக்கியது, ஆல்கஹால் குறைந்தது, முட்டை சேர்ந்தது ஆகிய மூன்றுக்கும் இந்தப் பதில் பொருந்தாது. அவற்றைத் தனியாகப் பார்ப்போம்.

அந்தத் தேதி எதற்கு உத்தரவாதம்

பன்னாட்டு உணவுத் தரவிதிகளான கோடெக்ஸின் லேபிள் விதியும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 எண் ஒழுங்குமுறையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. ஆல்கஹால் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் பானத்தில் தேதி போட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிரீம் லிக்யூர் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே அங்கெல்லாம் பாட்டிலில் காணும் தேதி தயாரிப்பாளர் தாமாகவே கொடுக்கும் வாக்கு. அது 'பெஸ்ட் பிஃபோர்' வகைத் தேதி; அதாவது இந்தத் தேதிவரை நாங்கள் நினைத்த ருசியிலும் பதத்திலும் இருக்கும் என்று பொருள். சீக்கிரம் கெடும் இறைச்சிக்கும் மீனுக்கும் போடும் 'யூஸ் பை' தேதியோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தத் தேதி தாண்டினால் கேள்வியே கேட்காமல் தூக்கிப்போட வேண்டும்.

வாக்கு என்றால் நிபந்தனையும் இருக்கும். ஐரிஷ் கிரீம் லிக்யூர் தயாரிக்கும் பெய்லிஸ் தன் பானத்துக்குத் தயாரித்த நாளிலிருந்து 2 ஆண்டு சொல்கிறது. திறந்திருந்தாலும் திறக்காவிட்டாலும், குளிர்சாதனப் பெட்டியில் இருந்தாலும் வெளியே இருந்தாலும் அதே 2 ஆண்டுதான். ஆனால் வெப்பம் 0 முதல் 25 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், நேர் வெயில் படக் கூடாது. இந்த நிபந்தனையை யாரும் படிப்பதில்லை. 35 டிகிரியில் கிடந்த பாட்டிலுக்கு அந்தத் தேதி செல்லாது. தேதி வருவதற்கு முன்பே அது கெட்டியாகியிருக்கலாம். 12 டிகிரியில் இருட்டில் நின்ற பாட்டில் தேதி தாண்டி ஓராண்டு கழித்தும் ஒழுங்காக ஊற்ற வரலாம். இரண்டையும் ஒரே தேதியை வைத்து எடைபோடுவதில் அர்த்தமில்லை.

தேதி அழிந்துபோயிருந்தால் கண்ணாடியிலோ லேபிளின் பின்புறமோ உள்ள தொகுதி எண்ணைத் தேடலாம். எல் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டையும் அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டுவது பல ஆலைகளின் வழக்கம். 5123 என்று இருந்தால் 2025ஆம் ஆண்டின் 123ஆவது நாள், அதாவது மே 3. எல்லா நிறுவனமும் இதே முறையைப் பின்பற்றுவதில்லை. வாங்கிய காலத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு நம்பலாம்.

பாலும் சாராயமும் ஒத்துப்போன கதை

பால் சேகரிக்கும் இடங்களில் ஒரு பழைய சோதனை உண்டு. ஒரு குழாயில் கொஞ்சம் பாலும் அதே அளவு 68 சதவீத ஆல்கஹாலும் ஊற்றிக் குலுக்குவார்கள். நல்ல பால் அப்படியே நிற்கும். புளிக்கத் தொடங்கிய பாலோ, தாது உப்புகளின் சமநிலை தவறிய பாலோ சட்டென்று திரிந்து துகள்துகளாகச் சுவரில் ஒட்டும். ஆல்கஹால் பால் புரதத்தின் நீர்ப்போர்வையை உருவிவிடுகிறது. புரதம் கொஞ்சம் தள்ளாடினாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. கிரீம் லிக்யூர் என்பது இந்தச் சோதனையில், குறைந்த வலிமையில் என்றாலும், இரண்டு ஆண்டுகள் விடாமல் தேறிக்கொண்டே இருக்க வேண்டிய பானம். விஸ்கியையும் கிரீமையும் கலக்குவது யாராலும் முடியும். 1973இல் லண்டனில் டேவிட் கிளக்மனும் ஹ்யூ சீமோர்-டேவிஸும் ஐரிஷ் விஸ்கி, கிரீம், சாக்லேட் தூள் ஆகியவற்றைக் கலந்து ருசி பார்த்ததுதான் பெய்லிஸின் தொடக்கம். 1974இல் அது சந்தைக்கு வந்தது. ருசி ஒரு நாளில் கிடைத்தது. பாட்டிலுக்குள் பிரியாமல் நிற்கவைப்பதுதான் உண்மையான வேலை.

அந்த வேலையில் மூன்று கூறுகள் முக்கியம். கறந்த பாலின் கொழுப்பு மணிகள் சராசரியாக 3, 4 மைக்ரான் அளவில் இருக்கும். அவை மேலே மிதந்து ஆடையாகும். மிதக்கும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: மணியின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகும். அதனால் கலவையை ஹோமோஜெனைஸர் வழியாகச் சுமார் 300 பார் அழுத்தத்தில், பெரும்பாலும் இரண்டு தடவை, செலுத்தி மணிகளை 0.8 மைக்ரானுக்குக் கீழே உடைக்கிறார்கள். உடைந்த மணிகளுக்குப் புதிதாகப் போர்வை வேண்டும். பாலில் இருக்கும் புரதம் அத்தனை மணிகளுக்கும் போதாது. ஆகவே சோடியம் கேசினேட் என்ற பால் புரதத்தைச் சுமார் 3 சதவீதம் சேர்க்கிறார்கள். மூன்றாவது கூறு சிட்ரேட் உப்பு. கிரீமில் இருக்கும் கால்சியம் அயனிகள் நாளடைவில் பால் புரதமான கேசீனின் துகள்களுக்கு இடையே பாலம் போட்டு மொத்தத்தையும் களிபோலாக்கிவிடும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிலையத்தில் 1980களின் தொடக்கத்தில் நடந்த வேலை, வெப்பமான இடங்களில் கிரீம் லிக்யூர் கெட்டியாவதற்குக் காரணம் இந்தக் கால்சியம்தான் என்பதையும், சிட்ரேட் சேர்த்தால் ஆயுள் நீளும் என்பதையும் காட்டியது. தேதி போன பாட்டிலின் கழுத்தில் கட்டியைப் பார்த்தால் இந்தக் கால்சியத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிருமிக்கு ஏன் இடமில்லை

17 சதவீதம் என்பது ஒயினைவிடச் சற்றுத்தான் கூடுதல். அதில் பால் எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று கேட்பது நியாயம். கணக்குப் போட்டால் புரியும். 100 மி.லி. கிரீம் லிக்யூரில் 17 மி.லி. ஆல்கஹால். கொழுப்பு சுமார் 15 கிராம், அது 16 மி.லி. இடத்தை அடைக்கும். சர்க்கரை சுமார் 19 கிராம், புரதமும் பிறவும் 4 அல்லது 5 கிராம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 15 மி.லி. மீதி நீர் 52 மி.லி. அளவுக்குத்தான் வரும். நுண்ணுயிர் கொழுப்புக்குள் வாழ முடியாது, நீரில்தான் வாழ வேண்டும். அந்த நீரில் 52க்கு 17 என்ற கணக்கில் ஆல்கஹால் இருக்கிறது. அதாவது கிருமி உணரும் ஆல்கஹால் 17 சதவீதம் அல்ல, ஏறத்தாழ கால் பங்கு. போதாததற்கு அதே 52 மி.லி.யில் 19 கிராம் சர்க்கரையும் கரைந்து பாகுபோல் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. சால்மோனெல்லா, லிஸ்டீரியா, ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற நோய்க்கிருமிகளால் இந்தச் சூழலில் பெருக முடியாது. ஒயின் ஈஸ்ட்டுகளும் வினிகர் பாக்டீரியாவும் இதற்குக் கீழான வலிமையிலேயே ஓய்ந்துவிடும். போர்ட் போன்ற வலுவூட்டிய ஒயின்களில் 20 சதவீதம் வரை தாக்குப்பிடிக்கும் ஓரிரு லாக்டோபாசில்லஸ் இனங்கள் உண்டு. அவை பானத்தைப் புளிக்கவைக்கும், ஆளைச் சாய்க்காது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெருகவிடாமல் தடுப்பது வேறு, கொல்வது வேறு. ஆல்கஹால் இந்த வலிமையில் கிருமியை உடனே கொல்வதில்லை, மெல்ல மெல்லத்தான் கொல்கிறது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் சாராயம் கலந்த முட்டைப்பால் பானமான எக்நாக்கில் வேண்டுமென்றே சால்மோனெல்லாவைக் கலந்து பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்தும் கிருமி உயிரோடு இருந்தது. மூன்று வாரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆலையில் தயாராகும் கிரீம் லிக்யூருக்கு இந்தக் கவலை குறைவு, ஏனென்றால் கிரீமை முன்பே பாஸ்சரைஸ் செய்கிறார்கள். ஆனால் திறந்த பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பது, எச்சில் கரண்டியை விடுவது, ஊற்றியதில் மிச்சத்தைத் திரும்ப ஊற்றுவது ஆகியவற்றுக்கு 17 சதவீதம் உடனடி மன்னிப்பு வழங்காது.

ஆல்கஹாலின் காவல் எட்டாத ஓரிடம் பாட்டிலிலேயே இருக்கிறது. மூடியின் உட்புறமும் கழுத்தின் மரையும்தான் அது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அங்கே ஒரு சொட்டு தங்கும். ஆல்கஹால் ஆவியாகிப் போனபின் எஞ்சுவது சர்க்கரையும் கிரீமும் மட்டுமே. பூஞ்சைக்கு அது விருந்து. உள்ளே பானம் நன்றாக இருந்தும் மூடியைத் திருகியதும் பச்சையாகவோ கருப்பாகவோ பூத்திருப்பது இதனால்தான். ஊற்றும்போது அதைக் கழுவிக்கொண்டுதான் பானம் வரும். பூஞ்சை பூத்த பாட்டிலைத் துடைத்துவிட்டுக் குடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அப்படியானால் கெடுவது எது

கெடுப்பவை வேதியியலும் இயற்பியலும். முதலில் காற்று. 700 மி.லி. பாட்டிலில் பாதி தீர்ந்துவிட்டால் உள்ளே 350 மி.லி. காற்று நிற்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். எடையில் 100 மில்லிகிராமை நெருங்கும். 50 கிராமுக்கு மேல் பால் கொழுப்பு அதற்கு எதிரே இருக்கிறது. கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தில் பிறக்கும் ஆல்டிஹைடுகளை நம் மூக்கு மிகமிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். ஆகவே அந்த ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு வேலைசெய்தாலே ஈர அட்டைப்பெட்டி வாடையும் அதையடுத்துச் சிக்கு வாடையும் தட்டும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் புதுக் காற்று வேறு உள்ளே போகிறது. திறந்த பிறகு 6 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் கிருமியைவிட இதுதான்.

அடுத்தது வெளிச்சம். பாலில் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் பி2 இருக்கிறது. அது நீல ஒளியையும் புற ஊதாவையும் வாங்கி ஆக்சிஜனை முடுக்கிவிடும். புரதத்திலுள்ள மெத்தியோனின் சிதைந்து, வேகவைத்த முட்டைக்கோசை நினைவூட்டும் கந்தக வாடை வரும். கருங்கண்ணாடி பாட்டிலும் முழுக்கச் சுற்றிய லேபிளும் அழகுக்காக மட்டும் இல்லை. அழகான கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி ஜன்னலோரம் வைப்பது இதைக் கெடுக்க மிக நேரான வழி.

வெப்பம் இவை எல்லாவற்றுக்கும் ஊதுகோல். பொதுவாக 10 டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை கூடும். கால்சியம் கட்டும் பாலம் விரைவாகிறது. புரதமும் பால் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பேறும் மெயிலார்ட் வினை நடக்கிறது. பானம் இளம் பழுப்பிலிருந்து கரும் பழுப்பாக மாறி, காய்ச்சிக் குறுக்கிய பாலின் ருசி தட்டுகிறது. இதைச் சிலர் ரசிக்கக்கூடச் செய்கிறார்கள். இதில் கெடுதல் ஒன்றுமில்லை. கொழுப்பிலிருந்து பிரிந்த கொழுப்பு அமிலங்கள் ஒரு பக்கம் பழைய நெய்யின் காறலைத் தரும். மறுபக்கம் ஆல்கஹாலோடு சேர்ந்து அன்னாசியை நினைவூட்டும் எஸ்டர்களாக மாறும். பாலில் பழ வாசனை எங்கிருந்து வந்தது என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான்.

உறைநிலைப் பெட்டி இன்னொரு பகை. ஆல்கஹாலும் சர்க்கரையும் இருப்பதால் மைனஸ் 18 டிகிரியிலும் இது கல்லாகாது, பனிக்கூழாக நிற்கும். ஆனால் உருவாகும் பனிப் படிகங்கள் கொழுப்பு மணிகளின் புரதப் போர்வையைக் கிழிக்கின்றன. உருகியபின் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெய்த் துணுக்குகளாக மிதக்கும். ஒருமுறை இப்படி உடைந்ததை வீட்டு மிக்ஸியால் சரிசெய்ய முடியாது. அதற்கு அந்த 300 பார் வேண்டும்.

பாட்டிலைச் சோதிக்கும் முறை

அவசரமில்லாமல் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். முதலில் மூடியை மெதுவாகத் திருகுங்கள். 'புஸ்' என்று காற்று வெளியேறினாலோ மூடி உப்பியிருந்தாலோ உள்ளே ஏதோ புளித்திருக்கிறது, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குளிரில் இருந்த பாட்டில் வெப்ப அறைக்கு வந்தபின் லேசாக விடும் மூச்சு வேறு, அதில் வாயுக் குமிழும் நுரையும் இருக்காது. பிறகு மூடியின் உட்புறத்தையும் மரையையும் வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்த பழுப்புப் பொருக்கு மட்டும் என்றால் வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிடலாம். பஞ்சு போன்றோ வண்ணத்திலோ ஏதாவது இருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

அடுத்து பாட்டிலை மெல்லச் சாய்த்துக் கழுத்தைக் கவனியுங்கள். கழுத்தில் ஒரு வெண்ணிற அடைப்பு நிற்பது தேதி போன பாட்டில்களில் சாதாரணம். அதிலேயே இரண்டு வகை உண்டு, இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்தச் சோதனையின் உயிர். மேலே மிதந்து சேர்ந்த கொழுப்பு என்றால் மூடியை இறுக்கிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு முறை குலுக்கினால் கரைந்து காணாமல் போகும். அது கெட்டதற்கு அடையாளமில்லை. கேசீன் கட்டிப்போய் உருவான களி என்றால் குலுக்கியபின் சிறுசிறு கட்டிகளாக உடையுமே தவிர கரையாது. ஊற்றினால் பொத்துப்பொத்தென்று விழும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தது என்றால் உடனே தீர்ப்பு சொல்ல வேண்டாம். பால் கொழுப்பு குளிரில் இறுகுவதால் நல்ல பானமும் தடித்து நிற்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துப் பாருங்கள். இளகினால் குளிர்; இளகாவிட்டால் வயது.

இனி ஒளி ஊடுருவும் கண்ணாடிக் குவளையில் 15 மி.லி. ஊற்றி, சுழற்றி, சுவரைப் பாருங்கள். நல்ல பானம் வழுவழுப்பான ஒரே படலமாக இறங்கும். மணல் தூவியதுபோல் புள்ளிகள் ஒட்டி நின்றால் புரதம் திரியத் தொடங்கிவிட்டது. அடியில் கண்ணாடிபோல் தெளிந்த நீர் பிரிந்து நின்றாலும் அதே கதை. பிறகு மோந்து பாருங்கள். வனிலாவும் சாக்லேட்டும் மங்கிப்போய்ச் சாராய நெடி மட்டும் தூக்கலாக இருந்தால் பழசு, அவ்வளவுதான். தயிர்ப் புளிப்பு, சிக்கெண்ணெய், வாந்தியை நினைவூட்டும் காறல் இவற்றில் எது வந்தாலும் குடிக்காதீர்கள்.

மூக்கு உறுதியாகச் சொல்லவில்லை என்றால் வெந்நீர்ச் சோதனை இருக்கிறது. பால் சந்தேகமாக இருந்தால் காய்ச்சிப் பார்ப்போமே, அதே தத்துவம்தான்: புளிப்பேறிய பால் பச்சையாக இருக்கும்போது நன்றாகத்தான் தெரியும், அடுப்பில் வைத்ததும் திரியும். குவளையில் 60 மி.லி. வெந்நீர், 80 டிகிரி அளவில். கொதித்து இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டால் அந்தப் பக்குவம் வந்துவிடும். அதில் 15 மி.லி. லிக்யூரை மெல்ல ஊற்றுங்கள். ஒரே சீராக வெளிறிய பழுப்பாகப் பரவினால் புரதம் இன்னும் தேறுகிறது. இழைஇழையாகப் பிரிந்து, மேலே திட்டுத்திட்டாகக் கட்டினால் முடிந்துவிட்டது. இதைக் காபியில் செய்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்பவர்கள் உண்டு. காபிக்கே அமிலத்தன்மை இருக்கிறது. புளிப்பு மிகுந்த காபியில் நல்ல லிக்யூரும் சில நேரம் திரியும். எலுமிச்சை, ஆரஞ்சு, கோலா, டானிக் வாட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். அமில அளவைக் காட்டும் பி.எச். எண் 4.6ஐ நெருங்கினால் கேசீன் நிச்சயம் திரியும், நேற்று தயாரித்த பாட்டிலாக இருந்தாலும். இப்படித் திரிவதால் வயிற்றுக்குள் கல் கட்டி உயிர் போய்விடும் என்றொரு புரளி நெடுநாளாகச் சுற்றுகிறது. குடித்த பால் எதுவானாலும் வயிற்றின் அமிலத்தில் திரியத்தான் செய்கிறது.

எல்லாம் தேறினால் கடைசியாக ஒரு தேக்கரண்டி வாயில் வைத்து, நாவில் உருட்டி, துப்பிவிடுங்கள். வழுவழுப்பு, இனிப்பு, பின்னால் வரும் சூடு என்று மூன்றும் இருந்தால் குடிக்கலாம். சப்பென்று இருந்தால் ஆபத்தில்லை, சந்தோஷமும் இல்லை. அப்படிப்பட்டதை கேக்கிலோ புட்டிங்கிலோ சேர்த்துத் தீர்க்கலாம். சிக்கு வாடை அடிப்பதை மட்டும் சமையலில் ஒளிக்க நினைக்காதீர்கள். சூடுபட்டால் அந்த வாடை இன்னும் எழும்பும்.

கால அளவு கேட்பவர்களுக்கு எங்கள் அனுபவக் கணிப்பு இது. திறக்காமல் இதமான குளிரில், இருட்டில் இருந்தது என்றால் தேதிக்குப் பின் 6 மாதம் வரை பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். ஓராண்டு என்றால் மேலே சொன்ன சோதனை கட்டாயம். இரண்டு, மூன்று ஆண்டு என்றால் கழுத்தில் களிதான் காத்திருக்கும். திறந்து வைத்தது தேதியையும் தாண்டிவிட்டது என்றால் சந்தேகத்தின் பலனைப் பாட்டிலுக்குக் கொடுக்காதீர்கள்.

கணக்கு மாறும் இடங்கள்

வீட்டில் செய்யும் ஐரிஷ் கிரீமில் 40 சதவீத விஸ்கி 300 மி.லி., கிரீம் 250 மி.லி., கன்டென்ஸ்ட் மில்க் 400 கிராம் என்று போவது வழக்கம். கன்டென்ஸ்ட் மில்க் அடர்த்தியானது. 400 கிராம் சுமார் 310 மி.லி. இடம்தான் பிடிக்கும். மொத்தம் 860 மி.லி.; அதில் ஆல்கஹால் 120 மி.லி. ஆக 14 சதவீதம். விஸ்கி தூக்கலாக இருக்கிறது என்று 200 மி.லி. ஆகக் குறைத்தால் 10.5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஹோமோஜெனைஸர் இல்லை, சிட்ரேட் இல்லை, கலக்கிய மிக்ஸி ஜாடியும் கரண்டியும் ஆலைச் சுத்தத்தில் இல்லை. கடை பாட்டிலின் 2 ஆண்டுக் கணக்கு இதற்குத் துளியும் பொருந்தாது. குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பச்சை முட்டை சேர்த்திருந்தால் இன்னும் கண்டிப்பு தேவை; பாஸ்சரைஸ் செய்த முட்டையைத் தவிர வேறு போடாமல் இருப்பதே நல்லது.

கடையில் வாங்குவதிலும் எல்லாம் 17 சதவீதம் இல்லை. ஒயினை அடிப்படையாகக் கொண்ட 14 சதவீதத்துக்கும் குறைவான கிரீம் பானங்கள் கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் வருகின்றன. பாதாம் பாலில் செய்த பெய்லிஸ் அல்மாண்டே 13 சதவீதம். இரட்டைப் பாட்டிலில் வரும் ஷெரிடன்ஸ் 15.5 சதவீதம், அதன் வெள்ளைப் பக்கம்தான் முதலில் தளரும், காபிப் பக்கம் நின்று பிடிக்கும். மாருலா பழத்தில் செய்யும் தென்னாப்பிரிக்காவின் அமருலா 17 சதவீதம், எனவே மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தும். லேபிளில் சதவீதத்தையும் 'திறந்தபின் குளிரில் வைக்கவும்' என்ற வரியையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முட்டை மஞ்சள் கருவில் செய்யும் அட்வகாட் வேறு இனம். ஐரோப்பிய விதிப்படி அதில் குறைந்தது 14 சதவீதம் ஆல்கஹாலும் லிட்டருக்கு 140 கிராம் மஞ்சள் கருவும் இருக்க வேண்டும். நெதர்லாந்தின் கெட்டி அட்வகாட்டைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவார்கள், ஆகவே அதில் தடிப்பு கெட்டதற்கு அறிகுறியல்ல. மணத்தையும் தேதியையும்தான் நம்ப வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறுவதற்கும் ஒரு வகை இருக்கிறது. கிரெம் த மாந்த், கிரெம் த கசிஸ் என்று வரும் பிரெஞ்சுப் பெயர்களில் கிரீம் ஒரு சொட்டும் கிடையாது. அங்கே அந்தச் சொல் சர்க்கரை மிகுந்த பதத்தைத்தான் குறிக்கிறது.

குடித்த பிறகு தேதியைப் பார்த்தவர்களுக்கு

பதற வேண்டாம். ருசி ஒழுங்காக இருந்து ஓரிரு பெக் போயிருந்தால் எதுவும் நடக்காமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வயிறு கொஞ்சம் கலங்கினாலும் அதற்குத் தேதிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கொழுப்பும் சர்க்கரையும் ஆல்கஹாலும் ஒரே வாயில் போகும் பானம் இது. அதிகம் குடித்தால் புது பாட்டிலே அந்த வேலையைச் செய்யும். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அப்படித்தான். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கலாம். ரத்தம் கலந்து போவது, கடும் காய்ச்சல், குடித்த தண்ணீரே தங்காமல் வெளிவருவது என்றால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சந்தேகமான பாட்டிலை ருசி பார்க்கும் வேலையையே வேறொருவரிடம் விட்டுவிடலாம்.

வைத்திருக்கும் விதம்

நிற்கவைத்துத்தான் வைக்க வேண்டும். படுக்கவைத்தால் மூடியின் உள்தாள் ஊறிக் கசியும். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியும் குளிர்சாதனப் பெட்டியின் தலையும் வெப்பம் தேங்கும் இடங்கள், பார்க்க வசதியாக இருந்தாலும் கூடாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் அங்கேயே இருக்கட்டும். உள்ளே, வெளியே என்று மாற்றிக்கொண்டே இருந்தால் கொழுப்பு இறுகி இளகி, மணிகள் ஒட்டத் தொடங்கும். மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்றால் கொதிநீர் ஊற்றிக் கழுவி, முழுக்கக் காயவைத்த சிறிய பாட்டிலுக்குக் கழுத்துவரை மாற்றுங்கள். காற்றின் கதை அதோடு முடியும். மாற்றிய பாட்டிலில் பழைய தேதியையும் திறந்த நாளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்ட வேண்டும். ஊற்றி முடித்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் கழுத்தை ஒரு சுற்றுத் துடைத்து மூடினால் பூஞ்சைக்கு வேலை இருக்காது.

கொட்டத்தான் வேண்டும் என்று முடிவானால் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். 700 மி.லி.யில் 100 கிராமுக்கு மேல் பால் கொழுப்பும் அதோடு கட்டிய கேசீனும் இருக்கின்றன. குழாயின் வளைவில் போய் அப்பிக்கொண்டு பிறகு அடைப்பு எடுக்க ஆள் தேட வேண்டிவரும். பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ ஊறவைத்துக் குப்பையில் போடலாம். கழுத்தில் களி அடைத்து ஒன்றும் வெளிவராத பாட்டிலில் நீண்ட குச்சியால் அடைப்பை உடைத்து, கொஞ்சம் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் குலுக்கினால் கழன்றுவரும்.